கூரையில் என் கால்கள்

அதிகாலை நாலேகால்.
பைன் தெருவில் பனியை வழித்துக்கொண்டு வருகிறேன்.
சுப்பீரியர் ஏரியிலிருந்து எழும்பிய மேகம்
மூன்று நாளாக இந்த ஊரைவிட்டு நகரவில்லை.
தபால் பெட்டிகள் எங்கே இருக்கின்றன என்பதை
ஞாபகத்தில் வைத்துத்தான் ஓட்ட வேண்டியிருக்கிறது.

பதினேழாம் எண் வீட்டருகே வண்டி திரும்ப
முகப்பு விளக்கு கூரை விளிம்பில் பட்டது.
ஆறு கால்கள் தொங்குகின்றன.

பழுப்பில் நாலு, கறுப்பில் இரண்டு.
கறுப்பு ஒன்றில், கெண்டைக்கால் பக்கம்,
ரோஸ்லின் கல்யாணத்தில் நாற்காலி ஆணி கிழித்த கோடு.
நகப்பூச்சு தடவி அதற்குமேல் ஓடாமல் நிறுத்தினேன்.
அது அங்கேயே நிற்கிறது, இன்னும்.

பணி நேரத்தில் வண்டியை நிறுத்தக் கூடாது.
நிறுத்தினேன்.

மூன்று குளிர்காலம் சொன்னேன், ஆர்னி.
பரணில் கண்ணாடிப் பஞ்சு போதாது,
நாம் எரிக்கும் விறகில் பாதி கூரைக்குப் போகிறது என்று.
"கதகதப்பாத்தானே இருக்கு" என்றாய்,
சாக்ஸ் போட்ட பாதங்களை அடுப்புப் பக்கம் நீட்டி.

கதகதப்பு மேலே போகும்.
கூரைப் பனியின் அடிவயிற்றைத் தொடும்.
உருகியது சத்தமில்லாமல் சரிந்து வந்து
சுவரைத் தாண்டிய விளிம்பில்,
கீழே யாரும் வாழாத அந்த ஒன்றரை அடியில்,
மறுபடி உறையும்.
நாளுக்கு ஒரு விரல்கடை. ஒரு வாரத்தில் அணை.
பின்னால் தேங்கிய தண்ணீருக்குப் போக்கிடம் இல்லை,
ஓட்டிடுக்கில் நுழைந்து
வீட்டுக்குள்ளேயே திரும்பி வரும்.
படுக்கைக்கு மேல், என் பக்கத்தில்,
தேநீர் நிறத்தில் ஒரு கறை.
நீ கட்டிலை நகர்த்தினாய்.

ஈட்டி ஈட்டியாய்ப் பனி தொங்கும் வீட்டை
வெளியூர்க்காரர்கள் காரை நிறுத்திப் படமெடுப்பார்கள்.
எங்களுக்குத் தெரியும்
அந்த வீட்டில் என்னவோ கசிகிறது என்று.

முதல் வருஷம் கோடரியால் கொத்தினாய்.
பனிக்கட்டி அப்படியே இருந்தது, ஓடு பெயர்ந்தது.
அடுத்த வருஷம் வெந்நீர். அதைப் பற்றிப் பேச வேண்டாம்.
இந்த வருஷம் யாரோ சொல்லியிருக்கிறார்கள்:
நைலான் காலுறையில் கால்சியம் குளோரைடை நிரப்பு,
அணைக்குக் குறுக்கே கிடத்து,
அது தனக்கு ஒரு வாய்க்கால் அறுத்துக்கொள்ளும்.

அக்டோபரில் ஒரு பெட்டியோடு கிளம்பியபோது
கீழ் இழுப்பறையைத் திறக்கவில்லை.
நீ திறந்திருக்கிறாய்.
ஏணியில் நின்று, கையுறையைக் கழற்றி,
தொடைப் பக்கம் ஒவ்வொன்றாய் முடிச்சுப் போட்டிருக்கிறாய்,
தூண்டில்காரன் முடிச்சு, எங்கே பார்த்தாலும் தெரியும்.

ரேடியோவில் மார்வின்: "இருபத்தொண்ணு, ஏன் நிக்கிற?"
"தபால் பெட்டி" என்றேன்.

இறங்கினேன்.
ஆறில் ஒன்று குறுக்கே போகாமல்
விளிம்போடு ஒட்டிப் படுத்திருந்தது.
அப்படிக் கிடந்தால் மார்ச் வரை கிடக்கும், ஒன்றும் நடக்காது.
சுவரில் சாய்த்திருந்த நீளக் கழியால்
நெம்பி நேராக்கினேன்.
மற்ற ஐந்தின் விரல் நுனியிலும்
சொட்டு விழுந்துகொண்டிருந்தது.
என் கால்கள் இவ்வளவு பொறுமையாக
இந்த வீட்டுக்காக எதையும் செய்ததில்லை.

மாடியில் விளக்கு எரிந்தது. திரை அசையவில்லை.

ஒன்று சொல்லிவிடுகிறேன்.
நவம்பரிலிருந்து தினமும்
தெருப்பனி முழுவதையும் சேர்த்து
உன் வாசல் முகப்பில் இடுப்புயரம் குவித்துவிட்டுப் போனவள் நான்தான்.
நகராட்சிக்கு நீ எழுதிய புகாரைப்
பலகையில் குத்தி வைத்திருக்கிறார்கள்.
எழுத்துப்பிழை இரண்டு.

இன்று தகட்டின் கோணத்தை மாற்றினேன்.
உன் வாசலைத் தாண்டும்வரை
பனி எதிர்ப்பக்கம் சரிந்தது.

பரணுக்குப் பஞ்சு வாங்கு.
கறுப்பை எடுத்திருக்க வேண்டாம்.