நாலு டெசிபெல்

என் தொழில் ஆழம் அளப்பது.
உட்துறைமுகத்தில் படகைக் கோடு பிசகாமல் ஓட்டி
அடியில் ஒலியை அனுப்பி
அது திரும்பி வரும் நேரத்தைக்
கடலின் தரையாக்கி
வரைபடத்தில் எண்ணாகப் பதிப்பேன்.
என் எண்ணை நம்பித்தான்
கோதுமைக் கப்பல் உள்ளே வருகிறது.

ஆகவே
டொக்யார்ட் வீதியில் ஜவ்பர் நானாவின் கடைக்கு
ஸ்பீக்கர் வாங்கப் போனபோதும்
காதை நம்பிப் போகவில்லை.
கைப்பையில் அளவு மைக் ஒன்று,
மடிக்கணினி,
துணி தைக்கும் டேப்.

இரண்டு சோடி இருந்தன.
சாம்பல் நிறச் சோடிக்கு விவரத்தாள் உண்டு:
நாற்பது ஹேர்ட்ஸிலிருந்து மேலே வரை
காற்று விழுந்த காலையில் உப்பாறு கிடப்பதுபோல்
ஒரே மட்டக் கோடு.
மரச் சோடிக்குத் தாளே இல்லை.
வெளிநாடு போகிற அவசரத்தில்
யாரோ விட்டுப்போனது.
நானே அளந்தேன்.
அடித்தொனியில் நாலு டெசிபெல் மேடு,
மூவாயிரத்தில் ஒரு பள்ளம்.
கப்பல் என்றால் தரை தட்டியிருக்கும்.

"பாட்டுப் போடாமலே முடிவெடுப்பீங்களா மிஸ்?"
பிளேன்டீயை நீட்டியபடி நானா கேட்டார்.
அதற்கு முன் சத்தத்தைச் சமப்படுத்த வேண்டும்,
எது எதென்று எனக்குத் தெரியக் கூடாது என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.
உள்ளே போய் ஒரு படுக்கை விரிப்பைக் கொண்டுவந்து
பெட்டிகளுக்கு முன்னால் கட்டினார்.
விரிப்பில் மயில்.

மயிலுக்கு முன்னால் பத்துத் தடவை இருந்தேன்.
ஒரே தனி ஆவர்த்தனம்,
அதில் ஒரே முப்பது விநாடி.
ஒன்று வந்தால்
வலந்தலையில் விரல் நகம்கூடத் தெரிந்தது.
வாசிப்பவரின் மூச்சு, பாய் உரசல்,
சபையில் ஓர் இருமல்,
எல்லாம் அதனதன் தூரத்தில்.
மற்றது வந்தால்
இருமல் எங்கோ போய்விட்டது.
தொப்பி மட்டும் வயிறு நிறைந்து
கும்மென்று எழும்பி
என் நாற்காலிக்குள் வந்தது.
ஏழாவது தடவையில்தான் கவனித்தேன்,
செருப்பைக் கழற்றியிருக்கிறேன்.

பத்தில் எட்டு
மேட்டுக்குத்தான் குறி போட்டிருந்தேன்.
என் கையெழுத்துத்தான்.
தாளைத் திருப்பியும் பார்த்தேன்.

தேறுதலுக்கு ஒன்று யோசித்தேன்:
தொப்பியில் ரவைப் பசை அப்புகிறவர்
எத்தனை கிராம் என்று நிறுத்தா அப்புகிறார்?
தட்டுகிறார், கிள்ளி எடுக்கிறார்,
மறுபடி தட்டுகிறார்.
ஆனால் அது அவருடைய மேடு.
அதன்மேல் இந்தப் பெட்டி
இன்னொரு மேட்டைப் போடுகிறது,
அவரைக் கேட்காமல்.
இதற்கு என்னிடம் பதில் இல்லை.

கொட்டியாரக் குடாவில் ஒருமுறை
முப்பது மீட்டர் தண்ணீரில்
எட்டு மீட்டரில் தரை என்று கருவி எழுதியது.
திருப்பி ஓட்டிப் பார்த்தோம்,
தரை நீந்திப் போய்விட்டது.
பிழை என்று குறித்து
சூரைக் கூட்டம் முழுவதையும் அழித்தேன்.
அழித்தது சரிதான்.
படகோட்டி அன்ரன் மட்டும்
அந்த இடத்தைத் தன் கைபேசியில்
சத்தமில்லாமல் குறித்துக்கொண்டான்.

வாசலில் ஒரு மான்.
கோட்டைப் பக்கமிருந்து இறங்கி
பஸ்ஸுக்கும் வழிவிடாமல்
கடைகடையாகக் காட்போட் தின்று வருவது.
சாம்பல் சோடியின் விவரத்தாள் படியில் கிடந்தது.
நாற்பது ஹேர்ட்ஸிலிருந்து மெல்லத் தொடங்கிற்று.
"ச்சூ" என்றார் நானா, அரை மனதோடு.

மரச் சோடியை ஓட்டோவில் ஏற்றினேன்.

வீட்டில் பெட்டியின் முதுகில் வெள்ளைத் தாள் ஒட்டி
வேலையில் எழுதுவதுபோலவே எழுதினேன்:
அறுபத்துமூன்று ஹேர்ட்ஸில் நாலு டெசிபெல் கூட.
மூவாயிரத்தில் குறைவு.
அளந்தவர் பெயர், திகதி.
அறை: ஜன்னல் திறந்திருந்தது, வாடைக்காற்று.

பிறகு போட்டேன்.
பக்கத்து வீட்டு ஜெயரஞ்சினி
சுவரில் தட்டும்வரை நிறுத்தவில்லை.
அந்தத் தட்டு
சமத்திலிருந்து அரை இடம் தள்ளி விழுந்தது.