பதினாறு படிகள்

விடுதியில் விளக்கணைக்கும் நேரம் பதினொன்று.
அதற்குப் பிறகு என் மடிக்கணினியின்
கடைசிப் படி வெளிச்சம்கூட
லாரி முகப்பு விளக்காய்ச் சுவரில் மோதும்.
நாரான்தூல் சந்தையில் பழையதாக வாங்கியது.
‘திரை மட்டும் கொஞ்சம் முரடு’ என்றான் விற்றவன்.

வெளியே உறைநிலைக்குக் கீழே முப்பத்தொன்று.
நிலக்கரிப் புகையைப் போர்த்திக்கொண்டு
உலான்பாத்தர் தூங்குகிறது,
அல்லது தூங்குவதாகப் பேர்பண்ணுகிறது.
உள்ளே நான்கு இரும்புக் கட்டில்கள்.
எதிரில் குலான். என் தலைக்கு மேல் துங்கலக்.
கதவோரம் அரியுன்சூல்,
அவளுக்கு விடிகாலை ஐந்துக்கு ரொட்டிக்கடை வேலை.
ஒருத்தியும் வாய்திறந்து குறைசொன்னதில்லை.
யாராவது புரண்டு படுப்பார்கள்.
அது போதும், எனக்குக் குறுகுறுக்க.

பதினாறாம் படியிலிருந்து பன்னிரண்டு வரை
விசையைத் தட்டினாலும் தட்டாவிட்டாலும் ஒன்றுதான்.
இரண்டிலிருந்து ஒன்றுக்கு இறங்குவது
மாடியிலிருந்து குதிப்பது.
அதற்கும் கீழே ஒரேயடியாக இருட்டு.
கட்டியவர்கள் அடிக்கோலை வைத்துச்
சம உயரத்தில் கட்டிவிட்டார்கள்.
கண்ணுக்கு அடிக்கோல் பழக்கமில்லை.
ஒரு தீக்குச்சி எரியும் இடத்தில்
இரண்டாவது பெரிய செய்தி;
நூறு எரியும் இடத்தில் நூற்றொன்றாவது
வதந்திகூட இல்லை.

ஆகவே இயங்குதளத்தின் வயிற்றைக் கீறினேன்.
அட்டவணையைத் தேடிப் பிடித்து
சீருடை எண்களை வெளியேற்றினேன்.
அடியில் ஒன்று, இரண்டு, நான்கு, ஏழு என நெருக்கி
மேலே போகப் போகத் தாண்டவிட்டேன்.
நேர்கோடு முதுகு வளைந்தது.

முதல் ஒட்டு: இயந்திரம் எழவே இல்லை.
இரண்டாவது: எழுந்தது, திரை கன்னங்கறுப்பு.
கடவுச்சொல்லைக் குருட்டாம்போக்கில் அடித்து மீண்டேன்.
மூன்றாவதில் தப்பு முழுக்க என்னுடையது.
அட்டவணையைத் தலைகீழாக மாட்டியிருந்தேன்.

மணி இரண்டு பத்து.
குறை, குறை என்று தட்டத் தட்ட
ஏறியது வெளிச்சம்.
கம்பியில் தொங்கும் காலுறைகள்,
ஜன்னலின் உள்பக்கத்துப் பனி,
கழுவாத கிண்ணம்,
எல்லாவற்றுக்கும் நிழல் முளைத்தது.
மூன்று பேரும் விழித்திருந்தார்கள்.

குலான் சப்பணமிட்டு, தன் உள்ளங்கையைப் பார்த்தபடி.
துங்கலக் எட்டிப்பார்த்தாள்,
காதுவரை நனைந்த முகம்.
அரியுன்சூல் மேல்கோட்டும் பூட்ஸுமாகக்
கட்டிய பைமேல் உட்கார்ந்திருந்தாள்.
எவ்வளவு நேரமாக, தெரியாது.

மூடியை அறைந்து சாத்தியிருக்கலாம்.
கை எழவில்லை.
‘அணைக்காதே,’ என்றாள் துங்கலக்,
‘கொஞ்சம் குறை, போதும்.’
அந்த நேரத்துக் குறைப்பது என்றால் கூட்டுவது.
கூட்டும் விசையைத் தட்டினேன்.
ஒவ்வொரு படியாக முகங்கள் மங்கின.
‘நிறுத்து,’ என்றாள் அரியுன்சூல்,
ஒருத்தி அழுவது தெரியாமல்
அழுகிறாள் என்பது மட்டும் தெரியும் இடத்தில்.
குலான் உப்புத் தேநீர் வைத்தாள்.
பேசினோம் என்று சொல்ல முடியாது.
பை மட்டும் கட்டிலடிக்குப் போயிற்று.

காலையில் அட்டவணையை நிமிர்த்தினேன்.
இப்போது முதல் படி
அணைந்த தணலின் ஓரம் போல, யாருக்கும் தொந்தரவில்லை.
நான்காம் எண்ணை மட்டும்
அவள் நிறுத்தச் சொன்ன இடத்திலேயே விட்டிருக்கிறேன்.
எந்தச் சூத்திரத்திலும் வராத எண்.
வரைந்து பார்த்தால்
வழவழப்பான வளைவில் அங்கே ஒரு சின்ன முடிச்சு.

அரியுன்சூல் அந்த வாரம் போகவில்லை.
அடுத்த மாதம் போனாள், பகல் ரயிலில்,
எங்களிடம் சொல்லிக்கொண்டு.