பிடித்தவன் விட வேண்டும்

சண்டை முடிந்த மறு தை.
போடிமெட்டுச் சாவடியில் நான் காவல்.
மதராஸ் சர்க்கார் அரிசி ஒரு படிகூட
திருவிதாங்கூருக்குள் போகக் கூடாது.
கீழே போடிச் சந்தையில் நெல் கிடந்தது.
மேலே தேயிலைக் காட்டில் ஆளுக்கு ஆறு அவுன்ஸ்,
பர்மாவிலிருந்து வராத அரிசிக்கு
வாட்டிய மரவள்ளிக் கிழங்கு.
நடுவில் மலை.
குரங்கணிப் பக்கம் எண்ண முடியாத ஒற்றையடிப் பாதைகள்,
நான் ஒருவன், ஓர் அரிக்கேன்.

அந்த வருஷம்தான் ஹோல்ராய்ட் துரை
எகிப்து மணலில் ஒரு காதை விட்டுவிட்டு
ஃபேக்டரி எஞ்சினைப் பார்க்க வந்தார்.
கிளப்பில் பெரிய துரைகள்
பதினைந்து பதினைந்து பேராக ஆடிய ரக்பி
ஆறு வருஷமாய்ப் பூட்டிக் கிடந்தது.
சுவரில் மாட்டிய படத்தில் இருந்தவர்களில்
ஏழு பேர் இனி வர மாட்டார்கள்.
ஹோல்ராய்டுக்கு வேறு கணக்கு:
“எங்க ஊரில் மில்காரன் ஆடுவது பதின்மூன்று பேர்.
ரெண்டு ஆள் மிச்சம்.”

மிச்சம் பிடித்தும் ஆள் போதவில்லை.
கணக்குப்பிள்ளை தாசையா வந்தான்,
பஸ் ஓட்டும் குஞ்ஞவிரா,
அசாமில் ரோடு போட்டு
மூன்று விரல் குறைந்து திரும்பிய இருளாண்டி,
தபால்காரர், பிறகு நான்.
மூன்று அணி, ஆறு ஞாயிறு.
அவ்வளவுதான் சீசன்.

பந்து பப்பாளிக் காய் மாதிரி.
விழுந்தால் எந்தப் பக்கம் எழும்பும் என்று
அதற்கே தெரியாது.
ஆளைப் பிடிப்பது சிரமமில்லை,
எல்லாம் சடுகுடு பழகிய கைகள்.
ஒன்றுதான் மண்டையில் ஏறவில்லை:
முன்னால் ஓடு, பின்னால் கொடு.
முன்னே நிற்பவனுக்குக் கொடுத்தால் குற்றம்.
“முன்னாடி போறவன்கிட்டக் குடுத்தாத்தான தொர
சாமான் ஊர் போய்ச் சேரும்?” என்றான் தாசையா.
எல்லோரும் சிரித்தார்கள்.
நானும்தான்.

நாலாவது ஞாயிறு எதிரணியில் புது ஆள்.
விறகு வண்டியோடு வந்தவன், பெயர் ஒச்சு.
ஆள் குறைகிறதென்று துரை இறக்கிவிட்டிருந்தார்.
பந்து கைக்கு வந்ததும்
இடது அக்குளில் இடுக்கி, முழங்கையால் மூடி,
தலையைத் தாழ்த்தி, சத்தமே இல்லாமல்
நேரான மைதானத்தில் வளைந்து வளைந்து ஓடினான்.

அந்த முதுகு எனக்குத் தெரியும்.
மார்கழி பூராவும் என் விளக்கு வெளிச்சத்தின் ஓரத்தில்
வந்து வந்து மறைந்த முதுகு.
நாலு படி மூட்டை, அதே அக்குள்.

எப்படி ஓடினேன் என்று தெரியாது.
ஏலக்காய் வேலி ஓரம் காலைப் பற்றிச் சாய்த்தேன்.
பனி ஊறிய புல்லில் அவன் முகம்
என் முகத்துக்கு ஒரு சாண் தள்ளி.
“புடிச்சிட்டீகளே,” என்றான்,
கொஞ்சம் சந்தோஷமாகக்கூட.

விசில்.
துரை கையை ஆட்டிக் கத்தினார்:
பிடித்தவன் விட வேண்டும்.
பிடிபட்டவன் எழுந்து, பந்தைத் தரையில் வைத்து,
குதிகாலால் பின்னே உருட்ட வேண்டும்.
அதுதான் இந்த ஆட்டம்.

விட்டேன்.
அன்றைக்குத் தோற்றோம், எட்டுக்குப் பதினொன்று.

செவ்வாய் இரவு பாதையில் சரளை உருண்டது.
இந்த முறை விளக்கை வைத்துவிட்டு ஓடினேன்.
பிடித்தேன்.
இரண்டு பேருக்கும் மூச்சு இரைத்தது.
விசில் அடிக்க அங்கே யாருமில்லை.
கை தானாகத் தளர்ந்ததா, நான் தளர்த்தினேனா,
இன்றைக்கும் சொல்ல முடியவில்லை.
ஒச்சு நிதானமாக எழுந்தான்,
மூட்டையைத் தரையில் வைத்தான்,
குதிகாலால் பின்னே தள்ளினான்.
இருட்டிலிருந்து ஒரு கை அதை எடுத்துக்கொண்டு
என்னைச் சுற்றி மேலே ஓடியது.
இருமல் தாசையாவுடையது போலிருந்தது.

ஆறாம் ஞாயிறு பந்தின் ரப்பர்ப் பை வெடித்துவிட்டது.
வேறு பை கொழும்பிலிருந்து வர வேண்டும் என்றார்கள்.
வரவில்லை.
கோப்பை யாருக்கும் இல்லை.
ஹோல்ராய்ட் காற்றுப்போன தோலை மடியில் வைத்துக்கொண்டு
மைதானத்து ஓரம் உட்கார்ந்திருந்தார்.
பக்கத்தில் போய் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்,
கேட்காத காதின் பக்கமாக.