மறுதொடக்கம் தேவை

சர்வர் அறையில் பதினெட்டு டிகிரி.
ஆணியில் தொங்கும் பொதுச் சுவெட்டரை மாட்டிக்கொள்கிறேன்,
யாருடைய அத்தரோ அதில்.
வெளியே ஷார்ஜா, இரவு ஒன்றேமுக்கால், முப்பத்துநான்கு.
கதவைத் திறந்தால் மூக்குக்கண்ணாடி வேர்த்துப்
பார்வை போய்விடும்.

ஹுஸாமின் மின்னஞ்சல் மூன்றே வரி.
வருகைப்பதிவில் சலுகை நேரம் ஏழு நிமிடம்.
ஜூலை முதல் பூஜ்யம்.
ஆவன செய்க.

பொத்தான் இல்லை, படம் இல்லை,
கறுப்புத் திரையில் துடிக்கும் ஒரு கோடு.
இந்த மென்பொருளுக்கு முகம் வேண்டுமென்றால்
உரிமக் கட்டணம் தனி என்றார்கள்.
கம்பெனி கட்டவில்லை.
ஆகவே எங்கள் பேச்சு முழுக்கக் கட்டளை வரியில்.
முதலில் கேட்க வேண்டும், பிறகுதான் மாற்ற வேண்டும்.
இந்த வேலையில் மிச்சமிருக்கும் மரியாதை அது ஒன்றுதான்.

கெட் என்றேன்.
ஏழு என்றது.

கோப்பைத் திறந்தால் அந்த வரிக்கு மேலே
எனக்கு முன் இருந்த ரெக்ஸலின் விட்டுப்போன குறிப்பு:
சஜா பேருந்து, பாலத்தடியில் நெரிசல். தொடாதே.
அவர் இப்போது தோஹாவில்.
யாரைச் சொன்னார், அடுத்து வருபவரையா,
தன்னையேவா?

பதிவுகளை இழுத்துப் பார்க்கிறேன்.
4417, ஆறு மணி நான்கு.
4420, ஆறு நான்கு.
4431, ஆறு ஐந்து, முகம் பொருந்தவில்லை,
முகம் பொருந்தவில்லை, ஆறு ஆறு.
வேர்வையைத் துடைத்துவிட்டு மறுபடி நின்றிருப்பார்.
ஒரு நிமிடம் பிந்தினால் அரைமணிக் கூலி பிடித்தம்.
அது வேறொரு அளவுரு,
அதை மாற்றச் சொல்லி யாரும் எழுதுவதில்லை.

4431-க்குப் பெயர் கேட்டேன்.
இருபது எழுத்துக்குமேல் இடமில்லாத கட்டத்தில்
முத்துக்காளை சொக்கலி
என்று வந்து நின்றது.
லிங்கத்துக்குச் சற்று முன்பே வெட்டுப்பட்ட அப்பா.

ஆங்கிலத்தில் இந்த நிமிடங்களுக்குக் கிரேஸ் என்று பெயர்.
நாங்கள் கல்லூரியில் கருணை மதிப்பெண் என்போம்.
மூன்றாம் செமஸ்டர் கணிதத்தில் எனக்கு விழுந்ததும்
ஏழுதான் என்று பின்னால் தெரிந்தது.
யார் போட்டார்களோ.
அவர்களுக்கும் என் எண் மட்டும்தான் தெரியும்.

செட். சமக்குறி. பூஜ்யம்.
என்டர் விசைமேல் சுண்டுவிரல் கொஞ்ச நேரம் சும்மா இருந்தது.
பிறகு தட்டினேன்.
என் விசா இவர்கள் கையில், வாடகை ஆகஸ்டில் ஏறுகிறது.
இதில் வீரம் எதுவும் இல்லை.

திரை சொன்னது:
மாற்றம் ஏற்கப்பட்டது.
சேவையை மறுதொடக்கம் செய்தபின் நடைமுறைக்கு வரும்.

மறுபடி கெட்.
பூஜ்யம் என்றது, கண் இமைக்காமல்.
கோப்புக்குத் தெரிந்துவிட்டது.
ஓடிக்கொண்டிருக்கும் சேவைக்கு இன்னும் தெரியாது.
இருநூற்றுப் பதினோரு நாளாக
நிற்காமல் ஓடுகிறது அது,
நினைவில் ஏழை வைத்துக்கொண்டு.
ஏழு, இரண்டாம் வேற்றுமை.

மறுதொடக்கக் கட்டளை ஒற்றைச் சொல்.
தட்டச்சு செய்தேன். அழித்தேன்.
திரையைப் படம்பிடித்து ஹுஸாமுக்கு அனுப்பினேன்,
மதிப்பு மாற்றப்பட்டது என்று.
ஒரு சொல்லிலும் பொய்யில்லை.
நடைமுறைக்கு வந்ததா என்று அவர் கேட்டால்
சொல்லத்தான் வேண்டும்.
இதுவரை கேட்டவரில்லை.

சுவெட்டரை ஆணிக்குத் திருப்பிக் கொடுத்தேன்.
வெளியே கண்ணாடி வேர்த்தது,
பேட்டைத் தெருவிளக்குகள் உப்பிப் பருத்தன.
துடைக்காமலே படியிறங்கினேன்,
கைப்பிடியைத் தடவித் தடவி.

யுபிஎஸ் பேட்டரி மாற்றுகிறவர்கள் பதினான்காம் தேதி வருகிறார்கள்.
அன்று மின்சாரத்தை நிறுத்துவார்களா என்று
கேட்டு எழுதியிருக்கிறேன்.