பழுப்புப் பாலிஷ்

சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு
எட்டாம் சேனலில் எங்கள் மாவு பாடும்.
மாவுதான்.
மனிதர்கள் பிறகு வருவார்கள்.

முதலில் திரை முழுக்க ஒரு மூட்டை,
மூட்டைமேல் அச்சடித்த பெட்டைக்கோழி,
கோழிக்குப் பின்னால் எங்கிருந்தோ பிடில்.
வாசிப்பது யாரென்று தெரிய
கோழி நகர வேண்டும்.

நான் ஓனா ஸ்டட்ஸ்.
டென்னஸியில், ஆற்றோர மாவு மில்லில்
வாரத்துக்கு நாற்பத்திரண்டு டாலர்.
ஸ்டுடியோ விளக்குகளுக்குக் கீழே
பிஸ்கட் சோர்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ளும் வேலை.
காப்பியில் நனைக்கிற பிஸ்கட் அல்ல,
மூன்று விரல் உயரம் உப்பி
பிட்டால் ஆவி விடுகிற எங்கள் ஊர் பிஸ்கட்.

ஆவி காமிராவில் விழாது.
ஆகவே மேசைக்கடியில் ஒரு பையன்
சிகரெட்டோடு குந்தியிருந்தான்,
தட்டு வந்ததும் மேலே ஊதுவான்.
வெந்த நிறமும் விழாது,
வெறும் சாம்பலாய்த் தெரியும்.
ஆகவே நான்
ஷூவுக்குப் போடும் பழுப்புப் பாலிஷைப்
பஞ்சில் தொட்டு
பன்னிரண்டு தலைகளிலும் தடவுவேன்.
பார்க்க ஒரு தட்டு. தின்ன ஒரு தட்டு.
இடது, வலது. அவ்வளவுதான் ரகசியம்.

லாயல் பிக்ஸ்பிக்குக் குரல்
ஈரவிறகு எரிகிற மாதிரி இருக்கும்.
அம்மாவின் கல்லறையில் பனி விழுவதைப் பாடி முடித்து
நாலு நொடியில் திரும்பிச் சிரித்து
"உங்க வீட்டுக்கும் ஒரு மூட்டை" என்று சொல்ல வேண்டும்.
பாட்டுக்கு எத்தனையோ பேர் கிடைப்பார்கள்,
மில் அவருக்குச் சம்பளம் கொடுத்தது
அந்த நாலு நொடிக்கு.

மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை
மேசையை யாரோ திருப்பிப் போட்டிருந்தார்கள்.

முன்வரிசையில் பெண்கள்.
பாதிப் பேர் உடுத்தியிருந்தது எங்கள் மூட்டைத் துணி,
துவைத்துத் துவைத்துக் கோழி மறைந்து
பூப்போட்ட பக்கம் மட்டும் மிஞ்சிய கவுன்கள்.
கல்லறை முடிந்தது. பனி நின்றது.
லாயல் கையை நீட்டி
இடப்பக்கத்திலிருந்து ஒன்றை எடுத்தார்.
கடித்தார்.

நேரடி ஒளிபரப்பு.
அழிக்க முடியாது, நிறுத்த முடியாது,
எனக்குக் கத்தவும் முடியாது.
தாடை ஒருமுறை நின்றது.
பிறகு மென்றது.
மேசைக்கடியில் பையன் இன்னும் ஊதிக்கொண்டிருந்தான்.
லாயல் விழுங்கினார்.
கண்ணில் நீர் கட்டி, கன்னத்தில் இறங்கி,
மூன்று கவுண்டிகளிலும் தெரிய வழிந்தது.
"எங்கம்மா செஞ்ச மாதிரியே இருக்கு" என்றார்.

கடிதங்கள் மூட்டையில் வந்தன,
எங்கள் மூட்டையில் அல்ல, தபால்காரரின் மூட்டையில்.
ஒருத்தி எழுதியிருந்தாள்:
அவர் அழுததைப் பார்த்து நானும் அழுதேன்,
இருபத்தைந்து பவுண்டு வாங்கினேன்,
என் புருஷனுக்குச் சொல்ல வேண்டாம்.
விற்பனை மேலாளர் கல்பெப்பர்
எண்களைப் பார்த்தார், மறுபடி பார்த்தார்,
"அடுத்த வாரமும் அழச் சொல்லு" என்றார்.

அது பிறகு. அந்த இரவு
சரக்கு இறக்கும் மேடைக்குப் பின்னால்
லாயல் குனிந்து நின்று வாந்தியெடுத்தார்.
மோர் கொண்டுபோனேன். மன்னிப்புக் கேட்டேன்.
வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:
"நான் பொய் சொல்லலை, ஓனா.
எங்கம்மாவுக்குச் சமைக்கவே வராது."

நான் சிரித்த சிரிப்பில்
பால் லாரி ஓட்டுநர் எட்டிப் பார்த்தார்.

அடுத்த சனிக்கிழமை.
கோழி. பிடில். கல்லறை. பனி.
ஒன்று, இரண்டு,
மூன்றாவது நொடியில் லாயல்
காமிராவின் தோளுக்கு மேலாகப் பார்த்தார்.
டென்னஸியின் எத்தனை வீடுகளில்
எத்தனை பெண்கள் நினைத்திருப்பார்களோ
என்னைத்தான் பார்க்கிறார் என்று.

நான் வலது கையைத் தூக்கினேன்.