டிஸ்ப்ளே மாற்றுகிறவன்

லாரன்ஸ் ரோட்டில், ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம்
மூன்றடி அகலத்தில் என் கடை.
நாலு ஸ்க்ரூ கழற்றினால்
திருப்பாதிரிப்புலியூரே திறந்துகொள்ளும்.

‘உள்ளே எதையும் பார்த்துடாதே தம்பி’
என்று சொல்லித்தான் கொடுக்கிறார்கள்.
நான் பார்ப்பதில்லை.
உயிர் வந்ததும் அதுவாகக் கொட்டுகிறது:
‘நம்ம ரத்தம்’ என்றொரு குரூப், எண்ணூறு பேர்,
முகப்பில் உறுமும் சிங்கம்.
அடுத்த வரியிலேயே
ரோஜாப்பூவின் மேல் எழுதிய காலை வணக்கம்,
‘மனிதம் ஒன்றே மதம்.’
இரண்டையும் அனுப்பியது ஒரே கட்டைவிரல்.
அந்த விரலின் எண்ணெய்ப் பிசுக்கை
ஸ்பிரிட் தொட்டுத் துடைக்கிறேன்.

மேகலா சார்ஜர் பின் மாற்ற வந்தவள்.
மஞ்சக்குப்பத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில்
டோக்கன் நம்பர் கூப்பிடும் வேலை.
எட்டு மாதம்.
தென்றல் என்பது எங்கள் ஊரில்
சிப்காட் பக்கமிருந்து வரும் காற்று.
சில்வர் பீச்சில் மூக்கைப் பொத்திக்கொண்டுதான்
காதலித்தோம்.
துப்பட்டா நுனியில் பாதியை எனக்கும் கொடுத்தாள்.
மணலில் எங்கள் இரண்டு நிழலையும் படமெடுத்து
முகம் வராமல் ஸ்டோரி போட்டாள்.
முகம் வராததை
அப்போது நான் கவிதை என்று நினைத்தேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை ராத்திரி கேட்டாள்,
‘உங்க வீடு எந்தத் தெரு?’

தெருப்பெயரை அடித்து அனுப்பினேன்.
இரண்டு கோடும் நீலமாயின.
டைப்பிங் என்று வந்தது. நின்றது.
வந்தது. நின்றது.
கடிலத்தில் தண்ணீர் வருகிறதென்றால்
பாலத்தில் நின்று ஊரே பார்க்குமே
அப்படி நின்று பார்த்தேன்.
வரவில்லை.

திங்கட்கிழமைதான் ஸ்டேட்டஸ் வைத்திருந்தாள்,
‘சாதி பார்த்தா வருது காதல்?’
அதற்கு ஆயுள் இருபத்துநாலு மணி நேரம்.
என் தெரு போய்ச் சேர்ந்தபோது
அது காலாவதியாகி இருந்தது.

அப்புறம் நானும் வைத்தேன்,
ஒரே ஒருத்தி பார்ப்பதற்காக:
மழை, ஜன்னல், உடைந்த கண்ணாடி.
நாற்பத்துமூன்று பேர் பார்த்தார்கள்.
லாரி ஓட்டும் சித்தப்பா
நாக்பூரிலிருந்து கேட்டார்,
‘என்னடா, வயித்து வலியா?’
ஆமாம் என்று போட்டேன்.
ஓமத்தண்ணீர் குடிக்கச் சொன்னார்.
அந்த ஒரு பதில்தான் நேராக வந்தது.

போன வாரம் ஒரு பையன்,
பாலிடெக்னிக் பேக்கோடு.
‘அக்கா போன்ணே. நிச்சயதார்த்தத்துல
கீழே விழுந்துடுச்சி. சீக்கிரம் வேணும்.’
டிஸ்ப்ளே மாட்டினேன்.
ஸ்பீக்கர் சரியா என்று பார்க்க
யாருக்கும் கேட்பதுபோல நம்பர் கேட்டேன்.
ஆறாவது எண்ணைச் சொல்லும்போதே
மீதி நாலையும் என் விரல் அடித்துவிட்டது.

மணி அடித்தது.
புதுக் கண்ணாடியில், விரிசல் ஒன்றும் இல்லாமல்,
என் நம்பருக்கு மேல்
என் பெயர் தெரிந்தது:
கேஸ் சிலிண்டர்.

‘கேஸ்காரன் இந்நேரத்துக்கு எதுக்குண்ணே கூப்பிடுறான்?’

மேஜைக்கு அடியில் என் போனை அணைத்தேன்.
எட்டு மாதம் அந்த வீட்டுக் கூடத்தில்
அம்மா அப்பா எதிரிலேயே
மணியடித்திருக்கிறேன்.
‘கேஸ் வந்திருக்கும், எடுத்துப் பேசும்மா’ என்று
அவள் அப்பாவே சொல்லியிருக்கலாம் ஒரு நாள்.
சிரிப்பு வந்தது. தும்மலாக மாற்றிக்கொண்டேன்.
பிளாக் செய்யப் போனவள்
அந்தப் பெயரை அழிக்க மட்டும் மறந்தாளா,
இல்லை
எப்போதாவது சிலிண்டர் தீரும் என்று விட்டுவைத்தாளா?

‘புக்கிங் போட்டிருப்பாங்க’ என்றேன்.

ஆயிரத்து எழுநூறு சொன்னேன்.
பையன் இருநூறு குறைக்கச் சொல்லி நின்றான்.
குறைக்கவில்லை.
டெம்பர் கிளாஸ் மட்டும் இலவசமாக ஒட்டினேன்.
ஒரு ஓரத்தில் காற்றுக்குமிழ் நின்றுவிட்டது.
எத்தனை தேய்த்தும் போகவில்லை.

‘ரெண்டு நாள்ல அதுவா போயிடும்’ என்றேன்,
எல்லாருக்கும் சொல்வதுதான்.