கத்தி கேட்டது

கொழிஞ்சாம்பாறை. விடிய இன்னும் நேரமிருக்கிறது.
ஈரலைப் பலகையில் புரட்டிப் போட்டு
பீர் ராவுத்தர் கத்தியை இழுத்தார்.
பாதியில் நிறுத்தினார்.
"கேட்டுச்சா, டாக்டரம்மா?"

கேட்டது.
சோற்றில் கல் கடிபட்டதுபோல்
கரக்கென்று ஒரு சத்தம்.
வெண்ணெயாய் வழிவிட வேண்டிய இடத்தில்
இரும்புக்கு மறுபேச்சு.

வெட்டுமுகத்தில் வெள்ளையாய்க் குழாய் வாய்கள்,
பப்பாளி இலைக் காம்பை நறுக்கிச் செருகியதுபோல்.
ராவுத்தர் ஒன்றை இரு விரலால் பிதுக்கினார்.
பித்தநீர் பழுப்புச் சேறாக வந்தது.
கூடவே வாடிய வேப்பிலைகள்
ஒன்று, இரண்டு, ஐந்து.
பலகையில் விழுந்த பிறகு
இலைகள் சுருங்கி நீண்டன.

உள்ளே நடந்ததை நான் படித்திருக்கிறேன்.
புழுவின் மேலெல்லாம் முள். ஊர்ந்தால் உரசும்.
உரசிய இடத்தில் பித்தக் குழாயின் உட்தோல்
உரியும்,
பிறகு பயந்ததுபோல் பெருகும்,
கொசுவம் கொசுவமாய் மடியும்.
இல்லாத இடத்தில் சுரப்பிகள் முளைத்துக்
கோழையைக் கொட்டும்.
சுற்றிலும் நார் ஏறும், நார்மேல் நார்.
எருமைக்கு அதோடு பெரும்பாலும் சரி.
மாட்டுக்குக் கடைசியில் சுண்ணாம்புப் பூச்சும் உண்டு.

புழுவைத் தடுக்க உடம்பு கட்டுகிற சுவர்
என்றுதான் நினைத்திருந்தேன்.
புழுவும் ஏதோ சுரந்து
நாரை வளரச் சொல்கிறதாம்.
கொத்தனாருக்கு இரண்டு பக்கமும் கூலி.

மலையாளப் படிவத்தில் ஒரு கட்டம் நிரப்பினேன்.
பின்னால் குழிக்குள் ஈரலைத் தள்ளி
பையன் ஒருவன் சுண்ணாம்பு தூவினான்.
சுண்ணாம்பின்மேல் சுண்ணாம்பு.

விற்ற மாட்டைத் தேடி யாரும் வருவதில்லை.
ஆறுக்குட்டி வந்திருந்தார்,
டெம்போவின் ஓரமாக, செருப்பைக் கழற்றிவிட்டு.
"கடைசி வரைக்கும் தீனி எடுத்துச்சுங்க.
தாடைக்கடியில பை மாதிரி தொங்குச்சு,
சதை வெச்சிருக்குன்னு நெனச்சேனுங்க."
அது சதையல்ல, நீர் என்று
சொல்ல வாய் வந்தது.
சொல்லவில்லை.

மதியம் அவர் வயலுக்குப் போனேன்.
வாய்க்காலில் ஆழியாற்றுத் தண்ணீர்.
மதகு திறந்தால் ஒரு கடிதம்,
மூடினால் இரண்டு.
சொட்டுக்குச் சொட்டு
இரண்டு அரசிடமும் கணக்கு இருக்கிறது.
சுண்டுவிரல் நகத்தளவு நத்தைக்கு மட்டும்
எந்த ஏட்டிலும் பெயரில்லை,
கோபாலபுரத்துச் சாவடியில் யாரும் அதை
இறங்கச் சொல்வதில்லை.
அது வளர்த்து அனுப்பியவை
கோரையின் அடித்தண்டில் ஒட்டிக் காத்திருக்கும்,
கடுகை விடச் சின்னதாக, பசியில்லாமல்.

அங்கேதான் கட்டியிருந்தது கன்று.
தாயின் அதே நெற்றிச்சுட்டி.

நெஞ்சைச் சுற்றி டேப் பிடித்து
எடை போட்டு, அளவு பார்த்து,
நாக்கை ஒதுக்கி மருந்தை ஊற்றினோம்.
தும்மியது. என் கண்ணாடியில் இரண்டு துளி.

"புழு போயிடுங்களா?"
"போயிடும்."
"அது கட்டி வெச்சது?"

வலது விலாவின் கடைசி எலும்பை ஒட்டிக்
கை வைத்துப் பார்த்தேன்.
வெதுவெதுப்பாக, மெத்தென்று இருந்தது.
வெளியிலிருந்து எல்லாமே அப்படித்தான்.

"முதல்ல எடம் மாத்திக் கட்டுங்க" என்றேன்.
முளைக்குச்சியை ஆட்டிப் பிடுங்கிக்கொண்டு
மேட்டைப் பார்க்க நடந்தார்.
கயிறு விறைத்தது.
கன்று நாலு காலையும் ஊன்றிக்கொண்டது.
புல் இங்கேதான் பச்சை.